நிற்காத மேசை

மேசை நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போவது அந்தப் பட்டறைக்குப் புதிதல்ல. இரும்பைச் சீவுகிற கட்டர் உடைந்ததுதான் புதிது. டக்கென்று ஒரு சத்தம். கட்டரின் முனை தெறித்துப் போய் எதிர்ச் சுவரில் சாத்தியிருந்த தகரத்தில் பட்டுக் கீழே விழுந்தது. அதற்குள் மில்லிங்கக்காவின் கை லீவரை நடுவுக்கு இழுத்துவிட்டது. மேசை நின்றது. மெஷினை அணைத்துவிட்டுப் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

லேத் என்கிற கடைசல் மெஷினில் நின்றிருந்த கணவர் ஓடி வந்தார். முதலில் அவளுடைய கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒரு கீறலும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கோபம் வந்தது.

“ஸ்டாப்பர இறுக்குனியா இல்லையா?”

“இறுக்குனேன்.”

“இறுக்கியிருந்தா ஏன் நிக்கல?”

சில வாரங்களாகவே இதே கேள்விதான்.

பட்டறைத் தெருவில் எல்லோருக்கும் அவள் மில்லிங்கக்கா. கணவர் லேத் ஓட்டுவார், அவள் மில்லிங் மெஷின் ஓட்டுவாள். வெல்டிங்கும் வெளிவேலையும் கணவரின் தம்பிக்கு. அவனுக்குச் சட்டுப்புட்டு என்று பெயர் விழுந்துவிட்டது. எந்த வேலையைச் சொன்னாலும் “சட்டுப்புட்டுன்னு முடிச்சிடலாம்” என்றுதான் ஆரம்பிப்பான். ஆரம்பிப்பதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

மெஷின் பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மில்லிங் மெஷினில் மேலே கட்டர் சுற்றும். கீழே மேசைமேல் இறுக்கிப் பிடித்த இரும்பு அதன் அடியில் நகர்ந்து போகும். மேசையைக் கைச்சக்கரத்தால் சுற்றியே நகர்த்தலாம். நாள் முழுக்கச் சுற்றினால் தோள்பட்டை கழன்றுவிடும் என்பதால் மேசையின் வலது கோடியில் ஒரு மோட்டார் பெட்டி மாட்டியிருப்பார்கள். அதுதான் பவர் ஃபீட். பெட்டியில் ஒரு லீவர், வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ். லீவரை இடது பக்கம் தள்ளினால் மேசை இடது பக்கம் போகும், வலது பக்கம் தள்ளினால் வலது பக்கம், நடுவில் வைத்தால் நிற்கும். கை மறந்தாலும் நிற்பதற்கு இன்னொரு ஏற்பாடு உண்டு. மேசைக்கு முன்னால், அசையாத பாகத்தில், ஒரு லிமிட் ஸ்விட்ச். மேசையோடு சேர்ந்து நகரும் ஸ்டாப்பர் கட்டை வந்து அதை அழுத்தியதும் மோட்டார் நிற்க வேண்டும். ஸ்டாப்பர் எந்த இடத்தில் இருக்கிறதோ, அதற்கு ஏற்றபடி மேசை நிற்கும் இடமும் மாறும்.

கட்டை வந்து அழுத்தத்தான் செய்தது. மோட்டார்தான் சில நேரம் கண்டுகொள்ளாமல் ஓடியது. அதுவும் இடது பக்கம் போகும்போது மட்டும்.

சட்டுப்புட்டு சும்மா இருக்கவில்லை. லிமிட் ஸ்விட்சை மாற்றினான். மோட்டாருக்குள் தேய்கிற கார்பன் கட்டையை மாற்றினான். பெட்டியைக் கழற்றிக் காற்றடித்தான். ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பார்ப்பான், அழகாக நிற்கும். “முடிஞ்சிது அண்ணி” என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவான். நாலு நாள் ஒழுங்காக ஓடும். பிறகு நீளமான வேலை ஏதாவது வந்தால் மறுபடி அதே கதை.

“நீள வேலையிலதான் வருது” என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

“நீள வேலைன்னா ரொம்ப நேரம் அதிரும். அதிர்ந்தா ஸ்டாப்பர் லூசாகும். அதத்தான் நானும் சொல்றேன்” என்றார் கணவர்.

அதற்குப் பிறகு அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஸ்டாப்பரை இறுக்குவாள். நாலு அடி போய்த் திரும்பி வந்து மறுபடி இறுக்கிப் பார்ப்பாள். வீட்டில் காஸ் அடுப்பை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வருபவர்கள் மாதிரி ஆகிவிட்டது அவள் பிழைப்பு. கடைசியில் ஸ்டாப்பருக்கும் மேசைக்கும் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து வைத்தாள். ஸ்டாப்பர் மயிரிழை நகர்ந்தாலும் கோடு விலகிக் காட்டும்.

கட்டர் உடைந்த அன்று அந்தக் கோடு விலகவே இல்லை. அதை அவள் கணவரிடம் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். “சாக்பீஸ் கோட்ட வச்சு என்னத்தச் சொல்ல முடியும்” என்று சொல்லிவிட்டு லேத்துக்குப் போய்விட்டார். அவர் கெட்டவர் இல்லை. பயந்துவிட்டார், அவ்வளவுதான். பயந்தால் சில பேருக்குக் கை நடுங்கும். அவருக்கு யார்மேலாவது தப்பு இருந்தாக வேண்டும்.

அன்றைக்கு என்று பார்த்து வீட்டுக்கு விருந்தாளி. கல்யாணமாகிப் போன மகள் தன் மாமியாரை முதல் தடவையாகப் பகல் சாப்பாட்டுக்கு அழைத்து வருகிறாள். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. ஒரு சுவர்தான் நடுவில்.

சம்பந்தியம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிப்ட் மெக்கானிக். அங்கே இருக்கிற லிப்ட் அத்தனையும் அவர் பொறுப்பு. சம்பந்தம் பேச வந்தபோது நாலு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, எதிரில் இருந்தவர்களை விட்டுவிட்டுச் சுவரிலிருந்த ஸ்விட்ச் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். போன பிறகு வீட்டில் அதே பேச்சு.

“பேசினா முத்து உதிர்ந்திடுமோ என்னவோ” என்றார் கணவர்.

“நம்ம வீட்ட எடை போட்டுட்டுப் போயிருக்காங்க” என்றான் சட்டுப்புட்டு.

மகள் அந்த வீட்டில் எப்படிச் சமாளிக்கப் போகிறாளோ என்று மட்டும் மில்லிங்கக்கா நினைத்தாள். மகள் போனில் “அத்தை நல்லவங்கம்மா” என்று சொல்லும்போதெல்லாம், நம்மைத் தேற்றுவதற்குச் சொல்கிறாள் என்றே எடுத்துக்கொண்டாள்.

அன்று பகல் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள், சட்டுப்புட்டைத் தவிர. புதுக் கட்டர் போட்டாகிவிட்டது, ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவன் பட்டறையில் நின்றுகொண்டான். பேக்கரிக்காரர் ஒருவர் சாயங்காலம் வருவார். அவருடைய மாவு உருட்டும் மெஷினுக்கு நீளமான அடித்தகடு ஒன்று வேண்டும். அது இல்லாமல் அவருடைய அடுப்பு இரண்டு நாளாக ஆறிக் கிடக்கிறது. உடைந்த கட்டருக்கு அடியில் இருந்தது அந்தத் தகடுதான். நல்ல வேளையாகத் தகட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டர் போய் மோதியது அதைப் பிடித்திருந்த கிளாம்பில்.

சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் உறுமி நின்றது. மறுபடி உறுமியது. நின்றது.

சம்பந்தியம்மாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. “அது என்ன மோட்டார்?”

“மில்லிங் மெஷினோட பவர் ஃபீட். கொஞ்சம் தகராறு பண்ணுது” என்றாள் மில்லிங்கக்கா.

“என்ன தகராறு?”

கணவர் முந்திக்கொண்டார். “ஒண்ணும் இல்லீங்க சம்பந்தி. ஸ்டாப்பர் சரியா இறுக்காததுதான். நீங்க சாப்பிடுங்க.”

சம்பந்தியம்மா தலையசைத்தார். பிறகு மில்லிங்கக்கா பக்கம் திரும்பினார். “அத ஓட்டுறது யாரு? நீங்களா?”

“ஆமா.”

“அப்ப நீங்க சொல்லுங்க.”

அந்த ஒரு வார்த்தையில் ஏதோ இருந்தது. அதுவரை யாரும் மில்லிங்கக்காவிடம் அப்படிக் கேட்டதில்லை. தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் தயங்கித் தயங்கி வந்தது, பிறகு கொட்டியது. இடது பக்கம் மட்டும், நீள வேலையில் மட்டும். தம்பி சரி பண்ணிவிட்டு ஓட்டிக் காட்டும்போது மட்டும் ஒழுங்காக நிற்பது. இன்னொன்றும் சொன்னாள். இரண்டு மூன்று தடவை மேசை திடீரென்று வேகமாகப் பாய்ந்து மறுபடி பழைய வேகத்துக்கு வந்தது. கண் மூடித் திறப்பதற்குள் அடங்கிவிட்டது.

“அது என் பிரமையோன்னு விட்டுட்டேன்” என்றாள்.

“பிரமைன்னு யாரு சொன்னா?”

மில்லிங்கக்கா கணவரைப் பார்த்தாள். அவர் ரசத்தை விட்டுவிட்டுத் தட்டில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

சம்பந்தியம்மா எழுந்தார். “கை கழுவிட்டு வர்றேன். பாக்கலாமா?”

“ஐயோ, விருந்துக்கு வந்த இடத்துல…” என்று கணவர் எழுந்தார்.

மகள் சிரித்தாள். “விடுங்கப்பா. அத்தை இனிமே உக்கார மாட்டாங்க. எங்க வீட்டுல ஃபிரிட்ஜ்ல பல்பு எரியலன்னு ஒரு ஞாயித்துக்கிழமையே போச்சு.”

பட்டறைக்குள் நுழைந்ததும் சம்பந்தியம்மா முதலில் செய்தது, வளையலையும் மோதிரத்தையும் கழற்றிக் கைப்பையில் போட்டதுதான். மில்லிங்கக்காவின் நீலக் கோட்டு ஒன்றை வாங்கி நல்ல உடுப்பின்மேல் மாட்டிக்கொண்டார். கோட்டின் கை அவருக்கு முழங்கை வரைதான் வந்தது. பிறகு சுவரிலிருந்த மெயின் ஸ்விட்சை அணைத்து, மெஷினுக்குப் போகிற ஃபியூஸைப் பிடுங்கி அதையும் கைப்பையில் போட்டார்.

“அது எதுக்குங்க உங்க பையில?” என்றான் சட்டுப்புட்டு.

“நான் கைய உள்ள விட்டிருக்கிறப்ப யாராவது சட்டுப்புட்டுன்னு மெயின் போட்டுட்டா?”

தன் பெயர் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அவன் விழித்தான். மகள் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

மெஷினைத் தொடுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றி வந்தார். குனிந்து மேசையின் அடியைப் பார்த்தார். ஸ்டாப்பருக்கு முன்னால் வந்ததும் நின்றார்.

“இந்தக் கோடு யாரு போட்டது?”

“நான்தான்” என்றாள் மில்லிங்கக்கா. சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரிந்துவிடுமோ என்று கூச்சமாக இருந்தது.

“கட்டர் உடைஞ்சப்ப இது போட்டிருந்ததா?”

“போட்டிருந்துது. இப்ப இருக்கிற மாதிரியே அப்பவும் நேரா இருந்துது.”

“அப்ப பாதி வேலைய நீங்களே முடிச்சிட்டீங்க” என்றார் சம்பந்தியம்மா. குரலில் பாராட்டு மாதிரி ஒன்றும் இல்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னார். “ஸ்டாப்பர் நகரல. அத விட்டுடலாம்.”

கணவர் குனிந்து அந்தச் சாக்பீஸ் கோட்டை இன்னொரு தடவை பார்த்தார்.

அடுத்து கட்டரைக் கழற்றச் சொன்னார். ஃபியூஸை எடுத்து மாட்டி, மெயினைப் போட்டு, மேசையை நடுவில் வைத்து, வெறுமனே இடது பக்கம் ஓட்டச் சொன்னார். ஓடிக்கொண்டிருக்கும்போதே லிமிட் ஸ்விட்சை விரலால் அழுத்தினார். மேசை நின்றது. மறுபடி ஓட்டி மறுபடி அழுத்தினார். நின்றது.

“பாத்தீங்களா, நின்னுடுது” என்றான் சட்டுப்புட்டு. “நான் ஓட்டிப் பாக்குறப்பவும் இப்படித்தான்.”

“நீங்க எங்க வச்சு ஓட்டிப் பாப்பீங்க தம்பி?”

“இங்கதான். நடுவுல.”

“அண்ணிக்குத் தகராறு நடுவுல வரலையே. நீள வேலையில வருதுன்னாங்க. நீள வேலைன்னா மேசை எது வரைக்கும் போகும்?”

மில்லிங்கக்காவே லீவரைத் தள்ளி மேசையை இடது கோடிக்குக் கொண்டு போனாள். கோடிக்குக் கொஞ்சம் முன்னால் சம்பந்தியம்மா ஸ்விட்சை அழுத்தினார். மேசை தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. மில்லிங்கக்கா லீவரை நடுவுக்கு இழுத்தாள். நின்றது.

இத்தனை நாள் அவள் சொல்லியும் யாரும் நம்பாத ஒன்று எல்லோர் கண்முன்னாலும் நடந்துவிட்டது.

மில்லிங்கக்காவுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. சிரிப்பும் வந்தது. தன் மெஷினின் நோயை, தான் சொன்னபடியே, முதல் தடவையாக இன்னொரு ஆள் பார்த்துவிட்டார்.

“ஸ்விட்ச் அதேதான். அழுத்தின விரலும் அதேதான்” என்றார் சம்பந்தியம்மா. “நடுவுல நிக்குது, கோடியில நிக்கல. ரெண்டுக்கும் நடுவுல மாறினது என்ன?”

“மேசை இருக்கிற இடம்” என்றாள் மில்லிங்கக்கா.

“மேசையோட சேர்ந்து வேற என்ன மாறுது?”

மில்லிங்கக்கா பார்த்தாள். ஸ்விட்ச் அசையாத பாகத்தில் இருக்கிறது. மோட்டார் பெட்டி மேசையோடு நகர்கிறது. இரண்டையும் சேர்ப்பது சுண்டுவிரல் தடிமனில் ஒரு கறுப்புக் கேபிள். மேசை வலது பக்கம் போனால் அது நீண்டு தொங்கும். இடது கோடிக்கு வந்தால் பெட்டி ஸ்விட்சுக்குப் பக்கத்தில் வந்துவிடுவதால் இரண்டாக மடங்கிக் கிடக்கும்.

“கேபிள்” என்றாள்.

சம்பந்தியம்மா முதல் தடவையாகச் சிரித்தார். முகமே மாறிவிட்டது.

ஃபியூஸ் மறுபடி கைப்பைக்குள் போனது. அந்தப் பையிலிருந்து ஒரு சின்ன மீட்டர் வெளியே வந்தது. “கல்யாணத்துக்கும் இந்தப் பையத்தான் எடுத்துட்டு வந்தாங்க” என்று மகள் அம்மாவின் காதில் சொன்னாள். சம்பந்தியம்மா பெட்டியிலிருந்து கேபிளின் முனையைக் கழற்றி, உள்ளே இருந்த மூன்று வயரில் இரண்டில் மீட்டரின் ஊசிகளைப் பிடித்தார். ஸ்விட்ச் அழுத்தாமல் இருந்தால் மீட்டர் பீப் என்று கத்தும், அழுத்தினால் வாயை மூட வேண்டும், அதுதான் சரியான நிலை என்று விளக்கினார்.

“தம்பி, நீங்க ஸ்விட்ச அழுத்திப் பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் விடக் கூடாது. அசையவும் கூடாது.”

உலகத்திலேயே சட்டுப்புட்டுக்கு முடியாத வேலை அது ஒன்றுதான். பாவம், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“சம்பந்தி, நீங்க கைச்சக்கரத்தால மேசைய மெதுவா இடது பக்கம் கொண்டு போங்க. ரொம்ப மெதுவா.”

மில்லிங்கக்கா சுற்றினாள். சம்பந்தியம்மா பெட்டியோடு கூடவே ஒவ்வொரு அடியாக நகர்ந்து வந்தார். பட்டறையில் வேறு சத்தமே இல்லை. மீட்டர் வாயை மூடிக்கொண்டிருந்தது. மேசை நடுவைத் தாண்டியது. கேபிள் தளர்ந்தது, வளைந்தது, மடங்க ஆரம்பித்தது.

பீப்.

மில்லிங்கக்கா சக்கரத்தை அப்படியே நிறுத்தினாள். அரைச் சுற்றுப் பின்னால் வந்தாள். மௌனம். முன்னால் போனாள். பீப். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நோயாளியின் நாடி கையில் அகப்பட்ட டாக்டர் முகம் இரண்டு பேருக்கும்.

“விடலாமா?” என்றான் சட்டுப்புட்டு.

“விடுங்க தம்பி. நல்லா பிடிச்சீங்க.”

கேபிள் பெட்டிக்குள் நுழைகிற இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு பிளாஸ்டிக் பட்டை இறுக்கிக் கட்டியிருந்தது. மேசை ஒவ்வொரு தடவை இடது கோடிக்கு வரும்போதும் கேபிள் அந்த ஒரே இடத்தில்தான் ஒடிந்து மடங்கியது. சம்பந்தியம்மா பட்டையை அறுத்து, கேபிளின் தோலைக் கத்தியால் கீறி விரித்தார். எண்ணெயும் சூடான இரும்புத் தூளும் பட்டுப் பட்டு உள்வயர்களின் உறை பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. இரண்டு செம்புக் கம்பிகள் பளிச்சென்று தெரிந்தன. நேராக வைத்தால் விலகி நின்றன. மடித்தால் ஒன்றை ஒன்று தொட்டன.

“இதுக ரெண்டும் தொட்டுக்கிட்டா ஸ்விட்ச் இருந்தும் இல்லாத மாதிரி. கட்டை வந்து அழுத்துனாலும் மோட்டாருக்குச் சேதி போகாது” என்றார்.

கணவர் அந்த அறுந்த பட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “இது நான் கட்டினது” என்றார். “கேபிள் தொங்குதேன்னு…” நிறுத்தினார். பிறகு மனைவியைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார். “உன் மேல தப்பே இல்ல. நான்தான் காது கொடுக்கல.”

மில்லிங்கக்கா சக்கரத்தின் பிடியைத் துணியால் துடைத்தாள். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

“கட்டினது தப்பில்லீங்க” என்றார் சம்பந்தியம்மா. “கட்டாம விட்டிருந்தா எப்பவோ சக்கரத்துல சிக்கியிருக்கும். கட்டின இடந்தான் கொஞ்சம் சரியில்ல.” அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. மில்லிங்கக்கா அதைக் கவனித்தாள். தப்பைக் கண்டுபிடித்த பிறகு அதை இன்னொருவர் தலையில் வைத்து அழுத்தாமல் விட எத்தனை பேருக்குத் தெரியும்?

கை கிரைண்டருக்கு வாங்கி வைத்திருந்த மெத்தென்ற ரப்பர் கேபிள் ஒரு துண்டு சட்டுப்புட்டிடம் இருந்தது. அதைப் போட்டார்கள். இந்தத் தடவை பெரிய வளைவாக விட்டு, இரும்புத் தூள் படாமலிருக்கப் பழைய ரப்பர் குழாய்க்குள் நுழைத்து, தளர்வாகக் கட்டினார்கள். ஃபியூஸ் போட்டு ஓட்டியபோது மேசை நடுவில் நின்றது, வலது கோடியில் நின்றது, இடது கோடியிலும் நின்றது. திரும்பத் திரும்ப நின்றது.

“முடிஞ்சிது” என்றான் சட்டுப்புட்டு.

“இல்லையே” என்றார் சம்பந்தியம்மா. “ரெண்டு மூணு தடவ வேகமா பாய்ஞ்சிதுன்னு சொன்னாங்களே.”

“அதுவும் இந்தக் கேபிளாலதான் இருக்கும்.”

“இந்தக் கேபிள் நிக்க வைக்கிறதுக்கு மட்டும். வேகத்துக்கும் இதுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.”

அவர் பெட்டியில் காதை வைத்துக்கொண்டு வேகக் குமிழைத் திருப்பினார். கடிகாரத்தின் பெரிய முள் நகர்வது மாதிரி, அவ்வளவு மெதுவாக. மோட்டாரின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. பாதிக்குக் கீழே ஓரிடத்தில் ‘உய்ங்’ என்று ஒரு துள்ளல். உடனே அடங்கிவிட்டது. பின்னால் திருப்பினார். அதே இடத்தில் அதே துள்ளல்.

“நீளத் தகடு ஓட்டுறப்ப நீங்க வைக்கிற வேகம் இதுதானா?”

மில்லிங்கக்கா குமிழின் முனை நிற்கிற இடத்தைப் பார்த்தாள். “இதேதான். எப்பவும் இங்கதான் வைப்பேன்.”

“வருஷக்கணக்கா ஒரே இடத்துல நின்னு நின்னு குமிழுக்கு உள்ள இருக்கிற தடம் தேஞ்சுபோச்சு. அந்த இடத்துல குமிழோட முள்ளு சில நேரம் அதத் தொடுறதில்ல. தொடலன்னா வேகம் எவ்வளவுன்னு மோட்டாருக்குத் தெரியாது, பாய்ஞ்சிடுது.” காதை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். “உங்களுக்குப் பிரமை ஒண்ணும் இல்ல சம்பந்தி. ஒரு நொடி நடந்தத நீங்க பாத்திருக்கீங்க. என்கூட வேலை பாக்குறவங்க பல பேரு அதப் பாத்திருக்க மாட்டாங்க.”

அந்த வார்த்தையை மில்லிங்கக்கா பிற்பாடு பல தடவை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

புதுக் குமிழ் கையில் இல்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, கடையும் திறந்திருக்காது. “அந்த இடத்த மட்டும் விட்டுட்டு வேற வேகத்துல ஓட்டலாமே” என்றான் சட்டுப்புட்டு.

“ஓட்டலாம். அதிர்வுல குமிழ் தானா நகர்ந்து அந்த இடத்துக்கே வந்துட்டா? ஒரு கட்டரோட போயிடும்னு எப்படிச் சொல்றது?” என்றார் சம்பந்தியம்மா. பிறகு மில்லிங்கக்காவிடம், “முடிவு உங்களுது. ஓட்டுறவங்க நீங்க.”

“கையாலயே சுத்திடுறேன்” என்றாள் மில்லிங்கக்கா.

கட்டரை மாட்டினாள். தகட்டை மறுபடி சரிபார்த்து இறுக்கினாள். கால்களைச் சற்று அகற்றி நின்று, இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தாள். கையால் சுற்றும்போது ஒரு சிக்கல் உண்டு. ஒரு கை விட்டு மறு கை பிடிக்கிற கணத்தில் மேசை தயங்கும். தயங்கிய இடத்தில் இரும்பில் ஒரு வரி விழுந்துவிடும். அவளிடம் அந்தத் தயக்கமே இல்லை. தோளிலிருந்து முழங்கைக்கும், முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கும் ஒரே இழையாக ஓடியது அசைவு. கட்டரின் சத்தம் தொடங்கியதிலிருந்து முடிகிற வரை ஒரே சுருதியில் இருந்தது. இரும்புச் சுருள்கள் ஒரே அளவில் வந்து விழுந்தன.

சம்பந்தியம்மா ஓரமாக நின்று பார்த்தார். டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டார், குடிக்க மறந்துவிட்டார். ஆடை கட்டிப்போனது.

பேக்கரிக்காரர் வந்தபோது தகடு துடைத்துத் தயாராக இருந்தது. அவர் அதைத் துணியில் சுற்றுவதற்கு முன்னால் சம்பந்தியம்மா, “ஒரு நிமிஷம்” என்று கேட்டு வாங்கினார். ஜன்னல் பக்கம் கொண்டு போய்ச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். நகத்தால் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை வருடினார். எங்கேயும் தட்டவில்லை.

“மோட்டார் ஓட்டியிருந்தாக்கூட இப்படி வந்திருக்காது” என்றார்.

“அண்ணி கை அப்படி” என்றான் சட்டுப்புட்டு, என்னவோ தானே சுற்றியது மாதிரி.

கிளம்பும்போது வாசலில் சம்பந்தியம்மா நின்றார். பேச வந்ததைச் சொல்வதா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. “அடுத்த வாரம் குமிழ் வாங்கிட்டு வந்து நானே போடுறேன்” என்றார். பிறகு, “அதுக்கு முன்னால ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வர முடியுமா? லிப்ட் மெஷின் ரூம் காட்டுறேன்.”

மகள் வாயைப் பிளந்தாள். “எங்கள எல்லாம் அங்க விட்டதே இல்லையே அத்தை.”

“உங்களுக்கு அங்க என்ன வேலை?” என்றார் அவர்.

இரவு கணவர், “நாம தப்பா நெனச்சிட்டோம்” என்றார். “நாமன்னு என்னையும் எதுக்குச் சேக்கிறீங்க” என்றாள் மில்லிங்கக்கா. ஆனால் அவளும்தான் நினைத்திருந்தாள்.

வாரத்தின் நடுவில் ஒரு காலையில் அவள் போனாள். ஆஸ்பத்திரியின் மொட்டைமாடியில் தாழ்வான இரும்புக் கதவு. சம்பந்தியம்மா சாவி போட்டுத் திறந்தார். உள்ளே கதகதப்பும் கிரீஸ் வாசனையும். தரையைத் துடைத்துத் துடைத்து வழவழப்பாக்கி வைத்திருந்தார். சுவரோரம் கருவிகள் அளவு வாரியாகத் தொங்கின. நடுவில் ஆள் உயரச் சக்கரம் ஒன்று, அதன்மேல் இரும்புக் கயிறுகள், அதன் அச்சைத் தாங்க இரண்டு பக்கமும் பேரிங். கீழே யாரோ பொத்தானை அழுத்தினார்கள். சக்கரம் அலட்டிக்கொள்ளாமல் சுற்ற ஆரம்பித்தது. கட்டிலோடு ஒரு நோயாளி மேலே வந்துகொண்டிருக்கலாம். அவருக்கு இந்த அறை இருப்பதே தெரியாது. மில்லிங்கக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

“எவ்வளவு அழகா வச்சிருக்கீங்க” என்றாள்.

சம்பந்தியம்மாவுக்குக் கூச்சம் வந்துவிட்டது. காதோர முடியை ஒதுக்கினார். “உங்களக் கூப்பிட்டது வேற ஒண்ணுக்கு. இதுல ஒரு சின்னச் சத்தம் வருது. ஒரு மாசமா எனக்குக் கேக்குது. கூட வேலை பாக்குறவங்க யாருக்கும் கேக்கல. இன்ஸ்பெக்டர் வந்தாரு, ஒண்ணும் இல்லன்னுட்டாரு. நான் எதுவும் சொல்லல. நீங்களே கேட்டுப் பாருங்க.”

மில்லிங்கக்கா சக்கரத்துக்குப் பக்கத்தில் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். லிப்ட் மேலே வந்தது, நின்றது. கீழே போனது. மறுபடி மேலே வந்தது. அவள் அவசரப்படவில்லை. சம்பந்தியம்மாவும் அவசரப்படுத்தவில்லை.

லிப்ட் மறுபடி கீழே இறங்க ஆரம்பித்ததும் மில்லிங்கக்கா விரலை உயர்த்தினாள்.

“கேக்குது” என்றாள். “இறங்குறப்ப மட்டும் வருது. இடது பக்கத்து பேரிங்.”